‘முடிந்தது’ என்று சொல்லுமுன்

பழைய மாணவர் ஒருவர்
பயிற்றப்பட்ட தமிழாசிரியர், தாழ்வுபாடு, மன்னார்

மலருக்கு யாதேனும் ஒரு பொருள்பற்றி எழுதித் தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து செய்யுள் நயமோ இலக்கண ஆராய்ச்சியோ வருமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யான் எழுதப் புகுந்ததோ, கணினி தன் கோப்புகளைச் சரியாகக் காக்கின்றதா எனப் பரீட்சிக்கும் சிறு நிரல்களைப் பற்றியது. இது தமிழாசிரியனுக்கு ஏற்ற தொழிலா எனக் கேட்போர் உளராயின், அவர்கட்கு என் விடை ஒன்றே: பொருளை இழந்தவனுக்கே பூட்டின் அருமை தெரியும், யான் இழந்தவன்.

மன்னார்த் தீவின் தென்கரையில், மன்னார்ப் பட்டினத்துக்கு அண்மையில் உள்ள மீனவர் ஊர் தாழ்வுபாடு. வயலும் தோட்டமும் சூழ்ந்த ஊரிற் பிறந்த யான் அங்கே ஆசிரியப் பணி ஏற்றபோது முதலில் வியந்தது, நெய்தற் சொற்கள் ஏட்டில் உள்ளவற்றினும் மிகுதியாய்ப் பேச்சில் வாழ்கின்றமையே. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் திசைக் காற்று நான்கினையும் நாம் அறிவோம். அவற்றுக்கு இடைப்பட்ட காற்றுகளுக்கும், நீரோட்டத்தின் போக்குக்கும், கடலின் நிறவேறுபாட்டுக்கும், வலையின் உறுப்புகளுக்கும் அவ்வூர் முதியோரிடம் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. இரண்டு ஆண்டுகளாக என் மாணவர் அவற்றைக் கேட்டு எழுதி வந்தனர். யான் அவற்றைப் பழைய கணினியொன்றிற் பொருள்வாரியாகத் தட்டெழுதி வைத்தேன். மீன்களுக்கு ஒரு கோப்பு. வலைகளுக்கு ஒரு கோப்பு. ‘காற்றுப் பெயர்கள்’ என மற்றொரு கோப்பு.

2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் நாள்தோறும் மின்வெட்டு நிகழ்ந்த காலத்தை எவரும் மறந்திரார். 2020 இல் தொடக்கி வைக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலையின் 30 கோபுரங்கள் எங்கள் தென்கரையிலே நின்று சுழன்றுகொண்டிருக்க, வகுப்பறையிலோ விளக்கில்லை. ஒருநாள் காற்றுப் பெயர்கள் கோப்பில் ஒரு சொல்லைத் திருத்திச் சேமித்தேன். சேமித்த சில நொடிகளில் மின்சாரம் நின்றது. மறுநாட் காலை கோப்பின் பெயர் அதன் இடத்திலேயே இருந்தது; உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. அதன் அளவு சுழியம் எனத் திரை காட்டிற்று.

யான் அப்போது கலங்கவில்லை. மேல்வகுப்பு மாணவன் ஒருவன் வெள்ளிதோறும் எல்லாக் கோப்புகளையும் வேறொரு சேமிப்புக் கோலில் நகலெடுக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதித் தந்திருந்தான். அந்நிரல் ஒவ்வொரு கிழமையும் ‘முடிந்தது’ என்னும் சொல்லைத் திரையில் எழுதிவிட்டே ஓயும். கோலைத் திறந்து பார்த்தேன். மீன்கள் இருந்தன, வலைகள் இருந்தன. காற்றுப் பெயர்கள் இல்லை. ஒரு கிழமையேனும் அது நகலெடுக்கப்பட்டதில்லை என்பது பின்னர் தெரிந்தது. அப்பெயர்களுட் பெரும்பாலானவற்றைச் சொன்ன முதியவர் முந்திய மார்கழியிலேயே காலமாகிவிட்டார். மாணவர் குறிப்பேடுகள் சிலவற்றைத் தேடியெடுத்து ஏறக்குறையப் பாதிச் சொற்களை மீட்டோம். எஞ்சிய பாதி போயிற்று.

இதன் காரணத்தை எனக்கு விளக்கியவர், கொழும்பிலே கணினித் துறையிற் பணிபுரியும் என் முன்னாள் மாணவர் ஒருவர். விடுமுறைக்கு வந்திருந்த அவர், ‘இஃது ஒரு பிழையன்று, சேர், இரண்டு பிழைகள். ஒன்று மேலே உள்ளது; மற்றது அடியிலே உள்ளது’ என்றார். மேலுள்ளதை முதலிற் கூறுகின்றேன்.

மாணவன் எழுதியது ‘ஷெல்’ நிரல் எனப்படும் வகை. ஷெல் என்ற மாத்திரத்தில் என் தலைமுறையினர் செவியில் வேறோர் ஒலி விழும். பதுங்குகுழி நினைவுக்கு வரும். ஆயின் மன்னார்க் கடலுக்கு அச்சொல் முத்துச்சிப்பியின் ஓட்டையும் குறிக்கும் அன்றோ? கணினித்துறையார் கருதியதும் ஓட்டையே. இயங்குதளத்தின் உள்ளீட்டைக் கரு என்றும், நாம் தட்டெழுதும் ஆணைகளை வாங்கி அக்கருவுக்கு அறிவிக்கும் புறப்பகுதியை ஓடு என்றும் அவர்கள் வழங்கினர். 1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீவன் போர்ன் என்பார் இயற்றிய ஓடு இடம்பெற்றது. 1989 இல் பிரையன் ஃபொக்ஸ் அதன் வழியிலே ‘பாஷ்’ என்பதை இயற்றினார். இன்றைய லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலும் வழங்குவது அந்தப் பாஷ். நாள்தோறும் கையாலே தட்டெழுதும் ஆணைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அதுவே ஓட்டு நிரல். எழுதுவது எளிது, அந்த எளிமையே பொறி.

ஓடு, இடைவெளியைச் சொல்லின் எல்லையாகக் கொள்ளும். மேற்கோட்குறிக்குள் இடாத பெயரை அது இடைவெளியிற் பிளந்துவிடும். ‘காற்றுப் பெயர்கள்’ என்பதை அந்நிரல் ‘காற்றுப்’ என ஒரு கோப்பாகவும், ‘பெயர்கள்’ என மற்றொரு கோப்பாகவும் தேடிற்று. இரண்டும் உலகில் இல்லை. பதம் பிரிப்பதிற் பிழை செய்தாற் பொருள் கெடும் என வகுப்பிலே எத்தனை முறை சொல்லியிருப்பேன்! என் சொற்களையே அப்பிழை கொண்டுபோயிற்று. அத்துடன், பிழைச்செய்திகள் திரையிலே தோன்றிப் பார்ப்போரை அச்சுறுத்தாதிருக்கும்பொருட்டு, அவற்றை வெறுவெளிக்கு அனுப்பும் ஆணையொன்றையும் மாணவன் சேர்த்திருந்தான். இறுதி அடியோ, முன்னே நிகழ்ந்தது யாதாயினும், ‘முடிந்தது’ என எழுதும்.

மாணவனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நிரல் எழுதும் முறையை நாங்கள் அவனுக்குக் கற்பித்தோம். எழுதியதைப் பரீட்சிக்கும் முறையைக் கற்பித்தோமில்லை.

அடியில் உள்ள பிழை வேறு. நாம் ‘சேமி’ என்றதும் எழுத்துகள் உடனே வட்டிற் பதிந்துவிடுவதாக எண்ணுகின்றோம். அவ்வாறு அன்று. கோப்புகளுக்கு இடம் ஒதுக்கி, பெயரையும் பொருளையும் இணைத்துக் காக்கும் அமைப்புக்குக் கோப்புமுறைமை என்று பெயர். விரைவின் பொருட்டு அது எழுத்துகளை முதலில் நினைவகத்திலே தேக்கி வைத்து, சில நொடிகள் கழித்தே வட்டுக்கு அனுப்பும். லினக்ஸில் மிகுதியாக வழங்கும் ‘எக்ஸ்ட்4’ என்னும் கோப்புமுறைமை 2008 இறுதியில் நிலைபேறு உற்றதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, கணினி திடீரென நின்றபின் கோப்புகள் சுழிய அளவினவாய்க் கிடக்கின்றன எனப் பலர் முறையிட்டனர். பழைய உள்ளடக்கத்தை வெறுமையாக்கும் செயல் வட்டிலே பதிந்துவிட, புதிய உள்ளடக்கம் நினைவகத்திலேயே நின்றுவிட்டமையே காரணம். அதனைப் பேணி வந்த தியடோர் சோ என்பார், வழக்கமாக இவ்வாறு எழுதும் செயலிகளுக்கு ஆபத்துக் குறையும்படி 2009 இல் திருத்தங்கள் செய்தார். ஆயினும் முழுமையான காப்பு, செயலி தானே ‘இப்பொழுதே வட்டிற் பதிக’ எனக் கேட்டுப் பெறுதலில் உள்ளது. புதியதை வேறு பெயரில் எழுதி, வட்டிற் பதித்தபின், பழைய பெயரை அதற்குச் சூட்டுதலே நன்முறை.

கோப்புமுறைமை சொன்ன சொல்லைக் காக்கின்றதா என எவர் பார்ப்பது? அதற்கென ஒரு பரீட்சைத் தொகுதி உண்டு. 1990 களில் சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனம் தன் கணினிகளுக்காக ‘எக்ஸ்.எஃப்.எஸ்’ என்னும் கோப்புமுறைமையை ஆக்கிப் பின்னர் லினக்ஸுக்கும் வழங்கிற்று. அதனைச் சோதிக்க எழுந்த தொகுதி ‘எக்ஸ்.எஃப்.எஸ். டெஸ்ட்ஸ்’. காலப்போக்கில் எக்ஸ்ட்4, பி.டி.ஆர்.எஃப்.எஸ். முதலிய பிறவற்றையும் அது சோதிக்கலாயிற்று. ஆதலின் இன்று ‘எஃப்.எஸ். டெஸ்ட்ஸ்’ எனவும் வழங்குகின்றது. அத்தொகுதியின் பரீட்சைகள் பெரும்பாலும் ஓட்டு நிரல்களே. எங்கள் மாணவன் எழுதிய அதே மொழி. கையாண்ட ஒழுக்கம் வேறு.

அதன் அமைப்பு ஆசிரியர்களுக்கு உடனே விளங்கும். ஒவ்வொரு பரீட்சைக்கும் ஓர் எண் உண்டு; எண்ணோடு இரண்டு கோப்புகள். ஒன்று வினா, மற்றது மாதிரி விடை. வினா நிரலை ஓடவிட்டு, அது திரையில் எழுதுவதை மாதிரி விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவர். ஓரெழுத்து வேறுபடினும் தோல்வி. பரீட்சை முடிந்தபின், கோப்புமுறைமையின் உள்ளுறுப்புகள் ஒழுங்காக உள்ளனவா என வேறொரு கருவியாலும் பார்ப்பர். பரீட்சைகள் பலநூறு. அவை அனைத்துக்கும் பொதுவாக வேண்டிய சிறு வேலைகளைச் செய்பவையே யான் ஈண்டுப் பேச விரும்பும் துணைச் சார்புகள். கணிதப் பாடத்திற் சார்பு என வழங்கும் சொல்லையே இங்கும் கொண்டேன். துணைவினை தனித்து நின்று வாக்கியம் ஆகாது. ஆயின் அது பிழைத்தால் வாக்கியமே பிழைக்கும். துணைச் சார்பும் அத்தகையதே. அதனாற்றான் அவற்றைப் ‘பொது’ எனப் பொருள்படும் பெயருடைய தனிக் கோப்புறையில் வைத்து, பெயர்களை அடிக்கோட்டிலே தொடங்கி, அனைவரும் கண்காணிக்கின்றனர்.

அவற்றுட் சிலவற்றின் இயல்பைக் கூறுதல் பயன்தரும்.

முதலாவது, களத்தைக் காக்கும் சார்பு. அத்தொகுதி இரண்டு வட்டுப் பிரிவுகளைக் கேட்கும். ஒன்று, பரீட்சைக்குப் பரீட்சை அழியாது முதுமை எய்தவிடப்படுவது. மற்றது, ஒவ்வொரு முறையும் அழித்துப் புதிதாக அமைக்கப்படுவது. அழிக்கும் சார்பு, தனக்குச் சொல்லப்பட்ட இடம் உண்மையிலேயே அழித்தற்கு உரியதா என முதலில் தெளிதல் வேண்டும். இதனைச் செய்யாத நிரலின் கேடு சிறிதன்று. 2015 சனவரியில், ஸ்டீம் என்னும் விளையாட்டுச் செயலியின் லினக்ஸ் பதிப்பில் இருந்த ஓட்டு நிரல் ஒன்று, தன் இருப்பிடத்தின் பெயர் வெறுமையாகிவிட்டதை அறியாமல், ‘அப்பெயரின் கீழ் உள்ளவை அனைத்தையும் அழி’ என ஆணையிட்டது. வெறும் பெயரின் கீழ் உள்ளது முழு வட்டுமன்றோ? பயனாளர் தம் சொந்தக் கோப்புகளை இழந்தனர். அழிக்கும் அடிக்கு முன்னே, ‘பெயர் வெறுமையாயின் நில்’ என ஓரடி இருந்திருந்தாற் போதும்.

இரண்டாவது, தகுதி கேட்கும் சார்பு. ‘ரெக்வையர்’ எனத் தொடங்கும் பெயருடையன இவ்வகையின. இப்பரீட்சைக்கு வேண்டிய வசதி இக்கணினியில் உண்டா எனக் கேட்டு, இல்லையாயின் ‘நொட் ரன்’, அதாவது ‘நடத்தப்படவில்லை’, எனக் காரணத்தோடு எழுதி விலகும். தேறியது, தவறியது என்னும் இரண்டுக்கும் அப்பால் இம்மூன்றாம் விடையை வைத்தமை எனக்கு மிகவும் பிடித்தது. வராத மாணவனுக்குச் சுழியம் இடுவதும் அநீதி; சித்தி என எழுதுவதும் பொய். ‘வரவில்லை’ என எழுதுவதே நேர்மை. எங்கள் நகல் நிரலுக்கு இம்மூன்றாம் சொல் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவது, வடிகட்டும் சார்பு. ஒரே பரீட்சையை இரண்டு கணினிகளில் நடத்தினால், வட்டின் பெயர், நாள், நேரம் ஆகியன வேறுபடும். இவை விடையின் பகுதியல்ல. விடை எழுதிய மையின் நிறம் போன்றவை. வடிகட்டி இவற்றைப் பொதுப்பெயரால் மாற்றி, எஞ்சியதை ஒப்பீட்டுக்கு விடும். இங்கே அளவறிதல் வேண்டும். மிகுதியாக வடிகட்டினாற் பிழையும் வடிந்துபோகும். கையெழுத்தைப் பொருட்படுத்தாத திருத்துநர் நல்லவர். எழுத்துப்பிழையையும் பொருட்படுத்தாதவர் மாணவனுக்குப் பகைவர்.

நான்காவது, கூட்டித் துடைக்கும் சார்பு. பரீட்சை இடையிலே முறிந்தாலும், தான் பொருத்திய வட்டைக் கழற்றி, தான் ஆக்கிய தற்காலிகக் கோப்புகளை நீக்கிவிட்டே அது வெளியேறும். இதற்கெனவே ஓட்டில் ஒரு பொறியாணை உண்டு. ஒரு வகுப்பின் கரும்பலகையை அழியாது விட்டுச் செல்வது அடுத்த ஆசிரியரின் பாடத்தைக் கெடுப்பது போல, துடைக்காத பரீட்சை அடுத்த பரீட்சையைப் பொய்யாக்கும்.

ஐந்தாவது, இருளை வேண்டுமென்றே வரவழைக்கும் சார்பு. கோப்புமுறைமைக்கும் வட்டுக்கும் இடையே, ‘ஃப்ளேக்கி’ எனப் பெயரிய மெல்லிய அடுக்கொன்றை வைப்பர். குறித்த கணத்தில் அவ்வடுக்கு, வட்டுக்கு வரும் எழுத்துகளையெல்லாம் வாங்கிக் கைவிட்டுவிடும். மின்சாரம் நின்றதற்கு இஃது ஒப்பாகும். பின்னர்க் கோப்புமுறைமையை மீண்டும் பொருத்தி, ‘வட்டிற் பதிந்தது’ என முன்னர் உறுதி கூறப்பட்ட கோப்பு முழுமையாக உள்ளதா எனப் பார்ப்பர். தாழ்வுபாட்டில் எனக்கு எதிர்பாராது நேர்ந்த இழப்பை, அவர்கள் நாள்தோறும் வேண்டுமென்றே நிகழ்த்திப் பார்க்கின்றனர். அதனால் எத்தனையோ ஊர்களில் அவ்விழப்பு நேராதிருக்கின்றது.

இவை அனைத்துக்கும் அடிப்படை, ஒவ்வொரு சார்பும் தன் முடிவை உண்மையாகச் சொல்லுதல். நம் பள்ளியிற் சுழியம் தோல்வி; ஓட்டினுள்ளோ சுழியமே வெற்றி. வெற்றி ஒரே வகை, தோல்வி பல வகை. ஆதலின் சுழியம் ஒழிந்த எண்களைத் தோல்வியின் வகைகளுக்கு ஒதுக்கினர். சார்பு அவ்வெண்ணைத் திருப்பித் தருதல் வேண்டும். அழைத்தவர் அதனைக் கேட்டல் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினும் ‘முடிந்தது’ என்னும் சொல் வெற்றொலியே.

இச்செய்தி தாழ்வுபாட்டு மக்களுக்குப் புதிதன்று. வலை பின்னுவோர் கையில் ஊசியோடு சிறு பலகைத் துண்டொன்றும் இருக்கும். ஒவ்வொரு கண்ணும் ஒரே அளவினதாக அமைய, நூலை அத்துண்டின்மேற் சுற்றியே முடிச்சிடுவர். மீன் பிடிப்பது வலையே. பலகைத் துண்டு கடலுக்குப் போவதில்லை. ஆயின் அத்துண்டு கோணலாயின் வலை முழுவதும் கோணல். மன்னார் முத்துக்குளிப்பிலும் இவ்வொழுக்கம் இருந்தது. பாரில் இருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றிற் கிடைத்த முத்துகளை மதிப்பிட்ட பின்னரே அரசினர் குளிப்பை அறிவித்தனர்.

இனி, நாம் தமிழராதலின் நமக்கே உரிய வினாக்கள் சில உள. அவற்றைப் பிறர் நமக்காக எழுதித் தருவர் எனக் காத்திருத்தல் முறையன்று.

‘தோட்டவெளி’ என்பது எங்கள் தீவில் உள்ள ஓர் ஊர். அதன் முதலெழுத்தாகிய ‘தோ’வைக் கணினியில் இரண்டு வகையாக எழுதலாம். தகரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யுனிக்கோட் விதியும் இரண்டையும் சமம் என்கின்றது. ஆயின் லினக்ஸின் கோப்புமுறைமைகள் இயல்பாகப் பெயரை எழுத்தாகப் பாராது, பைட்டு வரிசையாகவே பார்க்கும். முதல் வகையில் அவ்வூர்ப் பெயர் 27 பைட்டு. இரண்டாம் வகையில் 30. ஆகவே ஒரே கோப்புறையில் ‘தோட்டவெளி’ எனக் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு கோப்புகள் இருத்தல் கூடும். ஒன்றிலே திருத்தம் செய்துவிட்டு, மற்றதை நகலெடுத்துச் செல்பவன் எவ்வாறு அறிவான்? ஒன்றாகத் தோன்றும் பெயர்கள் பலவற்றைப் படைத்து அவை கலவாதிருக்கின்றனவா எனப் பார்க்கும் பரீட்சை அத்தொகுதியிலும் உண்டு. பொதுப் பிரிவில் அதன் எண் 453. பெயரை எழுதி வைக்க ஒன்றும், எழுதியது அவ்வாறே உள்ளதா எனப் பார்க்க ஒன்றுமாக இரண்டு சிறு துணைச் சார்புகளே அதன் உயிர்.

மற்றொன்று நீளம். இக்கோப்புமுறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட்டுக்கு மேல் இடமில்லை. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘தாழ்வுபாடு’ நமக்கு ஐந்தெழுத்து. கணினிக்குப் பத்துக் குறி, 30 பைட்டு. ஒரு கோப்புப் பெயருள் அச்சொல் எட்டு முறை அடங்கும்; ஒன்பதாம் முறைக்கு இடமில்லை. ஆங்கிலத்திற் பத்தெழுத்தால் எழுதினால் இருபத்தைந்து முறை அடங்கும். வகுப்பு, பாடம், தவணை, ஊர், ஆசிரியர் பெயர் அனைத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வெல்லையைக் கடந்தபோது நம் நிரல் என்ன செய்யும்? நிற்குமா, வெட்டிவிடுமா, அன்றி ஒன்றும் நேராததுபோல ‘முடிந்தது’ என்னுமா? மாணவன் ஒருவன் அரை மணி நேரத்தில் எழுதக்கூடிய பரீட்சை இது.

இவற்றையெல்லாம் கேட்ட நண்பர் ஒருவர், ‘தாளில் எழுதி வைத்திருந்தால் இத்துன்பம் ஏது?’ என்றார். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. பாதிச் சொற்களை எமக்கு மீட்டுத் தந்தவை மாணவரின் குறிப்பேடுகளே. ஆயினும் கடற்காற்றும் கறையானும் தாளை விட்டுவைப்பதில்லை. தீயும் விட்டுவைக்கவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அந்நெருப்பை உலகம் கண்டது. சுழியமாகிப்போன கோப்பிலிருந்து புகை எழுவதில்லை; அது போனது என அறிவதற்கே ஒருவர் திறந்து பார்க்கவேண்டும். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற முயற்சிகளால் ஈழத்து ஏடுகளும் மலர்களும் ஆயிரக்கணக்கில் எண்ணிம வடிவு பெற்றுள்ளன. அப்பெருமுயற்சிக்கு நாம் செய்யும் கைம்மாறு, நம் கையில் உள்ள நகல்களை நாமும் பரீட்சித்துக் காத்தலேயாம்.

வேறொருவர், ‘ஒப்பிட்டுப் பார்த்தல் படைப்பாகுமா? பிள்ளைகள் புதியன செய்யட்டும்’ என்றார். தமிழ் கற்றோர் இவ்வாறு கேட்டல் தகாது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் (1832–1901), உ. வே. சாமிநாதையர் அவர்களும் (1855–1942) ஊரூராய்ச் சென்று சுவடிகளைத் திரட்டி, பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்து, ஐயமுள்ள இடத்தை மறைக்காது வைத்தமையாலன்றோ பழந்தமிழ் நூல்கள் பல இன்று நமக்கு உள்ளன? நிரல் கொண்டு இரண்டு கோப்புகளை ஒப்பிடுவதும் பாடபேதம் காண்பதே. அவர்கள் கண்ணாற் செய்ததை இன்று பொறி நொடியிற் செய்கின்றது. பொறியை நம்பலாமா எனப் பார்க்கும் பொறுப்பு மட்டும் மனிதனிடமே எஞ்சியுள்ளது.

ஆதலின், யூபிலி கொண்டாடும் நம் கல்லூரிக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் சில வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கின்றேன்.

தகவல் தொழினுட்ப வகுப்பில் மாணவன் எழுதும் முதல் நிரல் ஒரு துணைச் சார்பாக இருக்கட்டும். ஒரு கோப்பை நகலெடுத்து, மூலத்தோடு பைட்டுக்குப் பைட்டு ஒப்பிட்டு, ஒத்தாற் சுழியமும் ஒவ்வாதாயின் வேறெண்ணும் தருதல் அதன் பணி. பத்து அடிக்கு மேல் ஆகாது. அதனை ஆசிரியர் திருத்தும்போது, நல்ல கோப்பை மட்டும் கொடுத்துப் பார்த்தல் போதாது. பெயரில் இடைவெளி உள்ளதும், உள்ளே ஒன்றும் இல்லாததும், இரு வகையாய் எழுதிய ‘தோ’ உள்ளதும், இல்லவே இல்லாததும் ஆகிய கோப்புகளைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். தோற்க வேண்டிய இடத்தில் தோற்காத சார்புக்குப் புள்ளி இல்லை.

அடுத்து, கல்லூரியின் பழைய மலர்களும் சஞ்சிகைகளும் ஒருவர் வீட்டு அலுமாரியில் ஒன்றும், மற்றொருவர் கணினியில் ஒன்றுமாகச் சிதறிக் கிடத்தலாகாது. அவற்றை எண்ணிம வடிவாக்கி, ஒன்றுக்கொன்று தொலைவான மூன்று இடங்களில் வைத்தல் வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்தெடுக்கும் சரிபார்ப்பெண்ணை ஒரு பட்டியலிற் குறித்து, அப்பட்டியலைத் தாளிலும் அச்சிட்டு வைத்தல் நன்று. தவணைக்கு ஒருமுறை மாணவர் குழுவொன்று, மூலத்தைத் தொடாமல், நகலிலிருந்து மட்டும் ஒரு மலரை மீட்டெடுத்துக் காட்டட்டும். நகல் உள்ளது என்பது மீட்டுப் பார்த்தபின்னரே உறுதியாகும். யூபிலி நிதியிலே கட்டடத்துக்கு ஒதுக்கும் தொகையிற் சிறு பகுதியே இதற்குப் போதும்.

இறுதியாக, பிற நாடுகளிற் கணினித்துறையிற் சிறந்து விளங்கும் பழைய மாணவர்க்கு ஒரு சொல். பரிசு நாளுக்கு வெள்ளிக் கிண்ணம் அனுப்புவதோடு, ஆண்டுக்கு இரு முறை திரைவழியே தோன்றி, நம் மாணவர் எழுதிய துணைச் சார்புகளைப் படித்துக் குறைகாட்டுங்கள். தமிழ்ப் பெயர்களுக்கான பரீட்சைகளை அவர்கள் எழுதித் தேறச் செய்து, உலகினர் பயன்படுத்தும் தொகுதிகளுக்கு அனுப்ப வழிகாட்டுங்கள். நம் மொழிக்குச் செய்யும் தொண்டு மேடையில் மட்டும் நிகழ்வதன்று.

தாழ்வுபாட்டில் இப்பொழுது அந்நிரலைத் திருத்தி எழுதிவிட்டோம்; எழுதியவன் அதே மாணவனே. வெள்ளிதோறும் அது ஒவ்வொரு கோப்பின் பெயரையும் சொல்லி, ‘ஒத்தது’, ‘ஒவ்வாதது’, ‘நகலெடுக்கப்படவில்லை’ என மூன்றில் ஒன்றை எழுதும். பிழைச்செய்திகளை வெறுவெளிக்கு அனுப்பும் ஆணை நீங்கிற்று. சென்ற தவணையில் ஒருநாள் ‘காற்றுப் பெயர்கள்: ஒவ்வாதது’ எனத் திரை காட்டியபோது மாணவன் முகம் வாடிற்று. யான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். சேமிப்புக் கோல் பழுதுபட்டிருந்தது, புதியதொன்று வாங்கினோம். எஞ்சியிருந்த பாதிச் சொற்கள் அன்று பிழைத்தன.

கல்லூரி நீடு வாழ்க. அதன் ஏடுகளும் உடன் வாழ்க.